ஏரிக்கரைப் பழங்குடியும் எழுதப்பட்ட உரிமையும்

பழவேற்காட்டின் வரலாற்றை எழுதுவோர் 1613-ல் ஒல்லாந்தர் கட்டிய கெல்டிரியா கோட்டையிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் கோட்டை வைத்திராத மக்களும் இவ்வேரிப் பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுள் ஒரு சாரார் யானாதியர்.

யானாதியர் தெலுங்கு பேசும் பழங்குடியினர். வாழ்க்கை முறையில் நம் இருளரை ஒத்தவர்கள். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அவர்களது தாயகம். தேனும் கிழங்கும் மூலிகையும் காடு கொடுத்தது. மீனும் நண்டும் நீர் கொடுத்தது. 1835-ல் கும்பினி அரசு, சென்னை நகரத்தின் விறகுத் தேவையை முன்னிட்டு அத்தீவைத் தன்வசமாக்கியது. 1969-ல் அது ராக்கெட் ஏவுதளத்திற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது. 1971-ல் முதல் ராக்கெட் எழும்பிற்று. யானாதிக் குடும்பங்கள் பல இடம்பெயர்க்கப்பட்டன. நாட்டிற்குப் பெருமை தந்த அப்பணியை நாம் குறைகூறவில்லை. அதற்கான விலையைச் செலுத்தியவர் யார் என்பதே நம் வினா.

ஏரியிலும் அவர்களுக்கு எளிதில் இடமில்லை. பட்டினவர் குப்பங்களில் ‘பாடு’ என்னும் ஏற்பாடு உண்டு. மீன்பிடிக்கும் இடங்களை வரையறுத்து, பங்காளிகள் முறைவைத்து வலையிடுவர். பூசலைத் தவிர்க்கும் நல்லொழுங்கு அது. எனினும் பங்கு பிறப்பின் வழியே வருவதால் பழங்குடியினர் அதற்குப் புறம்பானோர். இருளப் பெண்கள் ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப்பறியில் சேர்க்கின்றனர்.

வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் வாழும் ஓஜிப்வே மக்களின் வரலாறு இங்கே ஒப்பிடத்தக்கது. 1837-ம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்கள் பெருநிலத்தை இழந்தனர். ஆயினும் அங்கே வேட்டையாடவும், மீன்பிடிக்கவும், காட்டரிசி சேர்க்கவும் அவர்களுக்குள்ள உரிமை அப்பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அவ்வுரிமை அழியவில்லையென்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1999-ல் தீர்ப்பளித்தது. யானாதியர் கையில் அத்தகைய பத்திரம் எதுவும் இல்லை. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழும் பழங்குடியினருக்கு நீர்நிலைகளின் மீன்மீதும் சமூக உரிமையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதைப் பெறக் கிராம சபையில் மனு கொடுக்கவேண்டும், சான்று காட்டவேண்டும்.

வேதாகமம் இருவகைப் பத்திரங்களை நமக்குக் காட்டுகிறது. யேசபேல் ஆகாபின் முத்திரையிட்டு அனுப்பிய நிருபங்களால் நாபோத் உயிரையும் திராட்சத்தோட்டத்தையும் இழந்தான் (1 இராஜாக்கள் 21). எரேமியாவோ, எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாளில், தான் வாங்கிய நிலத்தின் கிரயபத்திரத்தைப் பாரூக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னான் (எரேமியா 32). முந்தினது பறிக்கும் பத்திரம். பிந்தினது நம்பிக்கையின் பத்திரம்.

கரையோரச் சபைகளின் போதகர்கள் பாரூக்கின் பணியைச் சிறிதென்று எண்ணலாகாது. எழுத்தறியாதவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் கூறுவதைக் கேட்டு, அவருக்காக ஒரு மனுவைத் திருத்தமாக எழுதிக்கொடுப்பதும் திருப்பணியே. அவர் நம் சபைக்கு வருவாரா என்பது அதற்கு நிபந்தனையன்று.