கம்பியைத் தாங்கும் தட்டுகள்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் அருகிலுள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்திற்குச் செல்லும் கொமுட்டர் ரயில் மின்சாரத்தால் ஓடுகிறது. தண்டவாளத்துக்கு மேலே செல்லும் கம்பியின் மின்னழுத்தம் 25,000 வோல்ட். வீட்டு மின்சாரத்தைவிட இது நூறு மடங்குக்கும் அதிகம். அந்தக் கம்பியைத் தூண்களிலிருந்து நீளும் உலோகக் கரங்கள் தாங்குகின்றன. உலோகம் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? அப்படியானால், மின்சாரம் கரத்தின் வழியே தூணில் இறங்கி நிலத்துக்குள் போய்விடாதா?

கரமும் தூணும் சேருமிடத்தைக் கவனித்தால் விடை கிடைக்கும். அங்கே சிறு தட்டுகளை வரிசையாகக் கோத்ததுபோல் ஒரு பொருள் இருக்கும். அது பீங்கான் போன்ற மின்கடத்தாப் பொருளால் செய்யப்பட்ட காப்பான்.

செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களில் சில எலக்ட்ரான்கள் எந்த அணுவோடும் கட்டுண்டு கிடப்பதில்லை. மின்னழுத்தம் கொடுத்ததும் அவை ஒரே திசையில் நகர்கின்றன. இவ்வாறு மின்னோட்டத்துக்கு வழிவிடும் பொருளே மின்கடத்தி. பீங்கான், கண்ணாடி, ரப்பர், நெகிழி ஆகியவற்றில் எலக்ட்ரான்கள் அணுக்களோடு இறுகப் பிணைந்துள்ளன. ஆகவே, அவை மின்கடத்தாப் பொருள்கள். செம்பைவிடக் கண்ணாடி மின்னோட்டத்தைக் கோடி கோடி மடங்குக்கும் மேல் தடுக்கிறது.

இத்தகைய பொருள் ஒன்றை இந்நாட்டுக் காடுகளும் உலகுக்குத் தந்தன. தாபான் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சாதான் அது. 1851ஆம் ஆண்டு இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு அதுவே உறையானது. அந்தப் பாலுக்காக எண்ணற்ற மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன என்பது வருத்தத்திற்குரியது.

சரி, காப்பானுக்குத் தட்டுகள் எதற்கு? கிள்ளான் பள்ளத்தாக்கில் அடிக்கடி மழை பெய்யும். காப்பானின் மேல் படியும் தூசும் உப்பும் மழைநீரில் கரைந்தால், அந்த ஈரப்படலமே மின்கடத்தியாகிவிடும். பீங்கானைத் துளைக்க முடியாத மின்சாரம் அதன் மேற்பரப்பு வழியாகக் கசியத் தொடங்கும். தட்டுகள் இருப்பதால் மின்சாரம் ஏறி இறங்கிச் செல்லவேண்டிய பாதை நீள்கிறது. தட்டுகளின் அடிப்பக்கமும் எளிதில் நனைவதில்லை. ஈரக்கையால் மின்விசையைத் தொடுவது ஆபத்தானதும் இதே காரணத்தால்தான். வியர்வையின் உப்பும் குழாய்நீரும் தோலின் தடையை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன.

கம்பியைச் சுற்றியுள்ள காற்றும் ஒரு மின்கடத்தாப் பொருளே. ஆனால், அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு. வறண்ட காற்று ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் மின்சாரம் பொறியாகப் பாய்ந்துவிடும். எனவே, ரயில் கம்பியைத் தொடாவிட்டாலும், மிக நெருங்கினாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். ஈரமான கழியோ உலோகப் பூச்சுள்ள பலூனோ அந்த இடைவெளியைச் சட்டெனக் குறைத்துவிடும்.