நாலு அடி நடந்தால் போதுமா?

எலும்பும் வாழ்வும் – 11

மணிக்கட்டு முறிவைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பாதம். படியில் கால் பிசகிப் பாதம் வீங்கிவிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "ஊன்றி நடக்க முடியுதா?" என்பதுதான். முடிகிறது என்றால் வெறும் சுளுக்கு, எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவாகிவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்தவரால் பெரும்பாலும் எழுந்து நிற்கவே முடியாது. அதைக் கண்டு பழகிய நாம், அதே அளவுகோலைப் பாதத்துக்கும் வைக்கிறோம். ஆனால் பாதத்தின் கட்டமைப்பு வேறு. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். நடுப்பாதத்திலிருந்து விரல்களை நோக்கிப் போகும் ஐந்து நீள எலும்புகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து, நார்களால் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் ஒன்று முறிந்தால் இருபுறமும் உள்ளவை அதற்குச் சிம்பு வைத்ததுபோல முட்டுக் கொடுக்கும். உடல் எடையையும் பகிர்ந்துகொள்ளும். குதிகாலை மட்டும் ஊன்றி நொண்டியாவது நடந்துவிடலாம். நடக்க முடிவது எலும்பு முழுசாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

கேட்க வேண்டிய கேள்வி, "எந்த இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது?" என்பது. இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பே போதிய சான்று. லிவர்பூலின் எலும்பு அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ், நடனமாடியபோது பாதத்தின் வெளியோரம் அழுந்தி அடிபட்டவர். அந்த எலும்பு முறிந்திருப்பதை எக்ஸ்ரே காட்டியது. இத்தகைய முறிவுகளைப் பற்றி 1902-இல் அவர் எழுதினார். அவற்றில் ஒரு வகைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அந்த எலும்பின் அடிமுனையில் நார் இழுத்து ஒரு துணுக்கு பெயர்ந்தால், அடிப்பாகம் விறைப்பான காலணியோடு நடந்தபடியே ஆறு முதல் எட்டு வாரங்களில் பெரும்பாலும் குணமாகிவிடும். அங்கிருந்து ஒரு விரற்கடை தள்ளி முறிந்தால் நிலைமை மாறுகிறது. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு. எலும்பு கூடாமலே நின்றுபோவதும், கூடியது மறுபடி முறிவதும் உண்டு. அதனால் காலை ஊன்றாமல் பல வாரம் மாவுக்கட்டில் இருக்க வேண்டிவரும். விளையாட்டு வீரர்களுக்கு ஸ்க்ரூ வைப்பதையே மருத்துவர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். எலும்பு ஒன்றுதான், வலியும் ஏறக்குறைய ஒன்றுதான், சிகிச்சை மட்டும் நேரெதிர்.

அப்படியானால் கால் பிசகிய ஒவ்வொருவரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, அது வீண் செலவில்லையா என்று கேட்பது நியாயமே. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் தலைமையில் 1992-இல் வெளியான விதிகள் பிறந்ததே அந்தக் கவலையில்தான். நடுப்பாதத்தில் வலி இருந்து, சுண்டுவிரல் எலும்பின் அடியிலோ பாதத்தின் உட்பக்க வளைவின் உச்சியிலுள்ள படகெலும்பிலோ அழுத்தினால் வலித்தால் எக்ஸ்ரே தேவை. அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நாலு அடி வைக்க முடியாவிட்டாலும் தேவை. கணுக்கால் மொட்டுகளுக்கும் இதேபோல் தனி விதி உண்டு. நடை இங்கே ஒரு சோதனை மட்டுமே என்பதைக் கவனியுங்கள். நடந்துவிட்டாலும் எலும்பின்மேல் வலித்தால் படம் எடுத்தாக வேண்டும். 15,000-க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வுகளை 2003-இல் தொகுத்துப் பார்த்தபோது, இவ்விதிகள் முறிவைத் தவறவிடுவது மிக அரிது என்றும், தேவையற்ற எக்ஸ்ரேக்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றும் தெரிந்தது. சரியான இடத்தில் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பது செலவையும் குறைக்கிறது, எலும்பையும் காக்கிறது.

"புத்தூர் கட்டில் எத்தனையோ பேருக்குக் குணமாகியிருக்கிறதே?" என்பது அடுத்த கேள்வி. ஆகியிருக்கும். பாத முறிவுகளில் பல, அசையாமல் வைத்தாலே தாமாகக் கூடுபவை. விரல் முறிவுக்கு மருத்துவரும் பெரும்பாலும் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். ஜோன்ஸுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாமா ஹியூ ஓவன் தாமஸும் வேல்ஸ் நாட்டு எலும்பு கட்டும் குடும்பத்தில் வந்தவர்தான். கட்டுவதில் குறையில்லை, எது முறிந்தது என்று பாராமல் கட்டுவதில்தான் ஆபத்து. நடுப்பாத மூட்டு விலகியதைச் சுளுக்கென்று கட்டினால் வளைவு சரிந்து வாழ்நாள் மூட்டுவலி மிஞ்சும். வீங்கும் காலில் இறுகிய கட்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்தலாம்.

ஒட்டாவா விதிகளுக்கும் எல்லை உண்டு. நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு அழுத்தினாலும் வலிக்காது. காயமின்றியே அவர் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினால் அதுவே எச்சரிக்கை. நெடுந்தூரம் ஓடுபவருக்கும் நடப்பவருக்கும் வரும் நுண்முறிவு, முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம். அங்கே சுத்தமான படத்தைவிட ஓரிடத்தில் விடாமல் நிற்கும் வலியை நம்பி, ஓய்வு கொடுத்து, மறுபடி படம் எடுக்க வேண்டும். எனவே அடுத்தமுறை வீட்டில் யாருக்காவது கால் பிசகினால் எழுப்பி நடக்கவிட்டுப் பார்க்காதீர்கள். உட்காரவைத்து, காலை உயர்த்தி, சுண்டுவிரல் எலும்பின் அடியில் மெல்ல விரலை வையுங்கள். அந்த இடத்தில் அவர் முகம் சுளித்தால், எண்ணெய்ப் புட்டியை எடுக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

(தொடரும்)