நெற்றியில் 72,000 துடிப்பு, கையில் எத்தனை நாள் கூலி?

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப், போடிமெட்டைத் தொடுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பி ஏறுகிறது. விடியுமுன் எழுந்து, சாப்பாட்டைத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஏறும் பெண்கள் அதில் பலர். தூக்கக் குறைவு, தள்ளிப்போகும் காலைச் சாப்பாடு இரண்டுமே ஒற்றைத் தலைவலியைக் கிளப்புபவை. 2,329 பேரிடம் கர்நாடகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் நூற்றுக்கு 25 பேருக்கு அந்த வலி வந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

கைவசம் இருப்பது மாத்திரை. அதற்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண வலிமாத்திரையை மாதம் 15 நாள், கூட்டு மாத்திரையை 10 நாள் என்று 3 மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

மாத்திரையில்லாத ஒரு வழி, நெற்றியில் ஒட்டும் மின்தூண்டல் கருவி. புருவத்துக்கு மேலே ஓடும் நரம்பு, முகத்தின் முக்கிளை நரம்பைச் சேர்ந்தது. அது மூளைத்தண்டில் போய்ச் சேரும் இடத்தில்தான் மேல்கழுத்து நரம்புகளும் வந்து கூடுகின்றன. ஒற்றைத் தலைவலியோடு பிடரியும் வலிப்பது அதனால்தான். மெல்லிய மின்துடிப்பு அந்தப் பாதையில் வலிச் சேதியைத் தணிக்கிறது என்பது கருத்து. இதற்கு அடிப்படை, மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த ‘வலிக்கதவு’க் கோட்பாடு.

மின்சாரக் கணக்கு மிகச் சிறியது. உச்சமே 16 மில்லி ஆம்பியர். நொடிக்கு 60 துடிப்பு, 20 நிமிடம்: மொத்தம் 72,000. ஒரு துடிப்பின் அகலம் 250 மைக்ரோ நொடிதான். எல்லாவற்றையும் சேர்த்தால் 18 நொடி!

பலன்? பெல்ஜியத்தில் 67 பேரிடம் நடந்து 2013இல் வெளியான சோதனையில், தினமும் கருவி வைத்தவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் மாத வலிநாள் 6.94இலிருந்து 4.88ஆக இறங்கியது. போலிக் கருவி வைத்தவர்களுக்கு 6.54இலிருந்து 6.22. போலியின் பங்கைக் கழித்தால் மாதம் 1.74 நாள் மிச்சம். வலிநாள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் 38.1 சதவீதம், போலியில் 12.1. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014இல் இந்தக் கருவியை அனுமதித்தது.

மிச்சமான 1.74 நாளைக் கூலியாக மாற்றுவோம். அந்தப் பலன் ஆண்டு முழுக்க நீடித்தால் 21 நாள். நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் அறிவித்த 336 ரூபாயை அளவாகக் கொண்டால் 7,056 ரூபாய். ஒவ்வொரு வலிநாளும் வேலையிழந்த நாள் என்று வைத்த உச்சக் கணக்கு இது. வலியைப் பொறுத்துக்கொண்டு காய் எடுக்கப் போகிறவருக்கு இந்தப் பணம் கையில் வராது. செலவுப் பக்கத்தில் கருவியின் விலை இருக்கிறது. சுமார் 20 முறைக்கு ஓர் ஒட்டுப்பட்டை என்றால் ஆண்டுக்கு 18 பட்டை. நேரமோ 122 மணி. அடுப்புக்கும் ஜீப்புக்கும் இடையே அந்த 20 நிமிடத்தை எங்கே தேடுவார்?

ஆகவே கருவியைச் சொந்தமாக வாங்கச் சொல்வது நியாயமில்லை என்பேன். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்கள், மருத்துவர் பார்த்த பிறகு, 3 மாத இரவலாகக் கொடுக்கலாம். ஒரு கருவி ஆண்டுக்கு 4 பேரிடம் போய்வரும். சோதனையின் விகிதப்படி அவர்களில் ஒருவர், இருவருக்கு வலிநாள் பாதியாகும். அவர்களுக்கு மட்டும் சொந்தமாக ஒன்றை அரசு செலவில் தரலாம்.