நாட்காட்டியில் எமக்கும் ஒரு நாள்

பங்குனி பிறந்து விட்டால் எமது கண்டாவளைப் பெண்களுக்கு யாரும் நாள் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. பங்குனி உத்தரத்திற்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கல். பின்னர் சித்திரை வருடப்பிறப்பு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். காலபோக அரிவுவெட்டு முடிந்த கையோடு சிறுபோக விதைப்பு. நேர்த்திக்கடனோ கடன் தவணையோ பிள்ளையின் சோதனையோ, எந்த நாளையும் அவர்கள் மறப்பதில்லை.

இதே மாதங்களில் உலகமும் சில நாட்களைக் குறித்து வைத்திருக்கிறது. மார்ச் 24 உலக காசநோய் தினம். ஏப்ரல் 7 உலக சுகாதார தினம். 1948 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் யாப்பு நடைமுறைக்கு வந்த நாள் அது. ஏப்ரல் 25 உலக மலேரியா தினம். மே 17 உயர் குருதி அமுக்க தினம். மே 28 பெண்களின் ஆரோக்கியத்திற்கான சர்வதேச செயற்பாட்டு தினம். 1987 முதல் இது அனுட்டிக்கப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் மே மாதத்து அன்னையர் தினத்தோடு பெண்கள் சுகாதார வாரமும் தொடங்குகிறது. அங்கே அது வசந்த காலம். இங்கே அது வெயில் கொளுத்தும் காலம்.

நாங்களும் இந்த நாட்களில் பதாகை கட்டுகிறோம், கூட்டம் வைக்கிறோம், தேநீர் குடிக்கிறோம், வீட்டுக்குப் போகிறோம். அடுத்த நாள் என்ன நடக்கிறது? சமூக சேவையாளராக இந்தக் கேள்வியை நான் பல தடவை என்னிடமே கேட்டிருக்கிறேன்.

மலேரியா போன கதை

பயனே இல்லை என்று சொல்லி விட முடியாது. எமது மண்ணிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. வன்னியில் மலேரியாக் காய்ச்சலை அறியாத வீடு ஒரு காலத்தில் இருக்கவில்லை. குளிரில் நடுங்கிய உடம்பும் குளோரோகுயின் குளிசையின் கசப்பும் எமது தாய்மாருக்கு நன்றாக நினைவிருக்கும். 2000 ஆம் ஆண்டில் கூட இலங்கையில் 2 இலட்சத்திற்கு மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. போர்க்காலத்திலும் காய்ச்சல் என்று வந்தவரின் விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள், வீடு வீடாக மருந்து தெளித்தார்கள், நுளம்பு வலை கொடுத்தார்கள். உள்நாட்டில் பரவி வந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக இலங்கை அறிவிக்கப்பட்டது.

இதற்கு முன்னரும் ஒரு தடவை இந்நோய் ஏறத்தாழ ஒழிந்திருந்தது. 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா இருந்தது. பிறகு கவனம் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. ஒரு நாள் கூட்டத்தால் நோய் போவதில்லை. சுகமாக இருக்கும்போதும் விடாமல் பார்ப்பதால்தான் போகிறது. பெண்ணின் உடம்புக்கும் இதே கணக்குத்தான்.

"அரிவுவெட்டு முடியட்டும்"

ஒரு பங்குனி மாதம், கிராமத்து மாதர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் நடந்தது. முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகு ஓர் அக்கா மட்டும் வாசலோடு நின்றார். வயது 45. 2009 இல் கணவர் காணாமற் போனார். மூன்று பிள்ளைகளையும் தோட்ட வேலை, கூலி வேலை செய்து வளர்த்தவர்.

"பிள்ளை, மாதவிடாய் இல்லாத நாளிலையும் இரத்தம் படுகுது. எட்டு மாதமாகுது" என்றார்.

ஏன் இவ்வளவு நாளும் காட்டவில்லை என்று கேட்டேன். முதலில் "அரிவுவெட்டு முடியட்டும் எண்டு இருந்தனான்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்று விட்டு உண்மையைச் சொன்னார். "புருசன் இல்லாதவளுக்கு உந்தக் கிளினிக் எதுக்கு எண்டு சனம் கேக்கும், பிள்ளை."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஏனெனில் எனக்கும் 35 வயதாகி ஒரு வருடம் கடந்திருந்தது. சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும்படி எமது குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். வேலை இருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லித் தட்டிக் கழித்தவள் நான். ஊருக்கு உபதேசம் செய்து கொண்டு நானும் அவரைப் போலவே இருந்திருக்கிறேன். "அக்கா, எனக்கும் போக வேணும். இரண்டு பேரும் சேர்ந்து போவம்" என்றேன்.

இரத்தப்போக்கு இருந்ததால் அவரை நேரே வைத்தியரிடம் கூட்டிச் சென்றோம். பல பரிசோதனைகளின் பின்னர், கருப்பைக் கழுத்தில் புற்றுநோயாக மாறுவதற்கு முந்திய மாற்றம் இருப்பது தெரிந்தது. அந்தப் பகுதியை மட்டும் அகற்றினார்கள். இன்று அவர் தோட்டத்தில் வேலை செய்கிறார், சொன்ன தவணைக்குத் தவறாமல் போய்க் காட்டி வருகிறார். எனது பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. ஆனால் போகாமல் இருந்த அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கணவர் இல்லாதவருக்கு எதற்கு?

அந்த அக்கா பயந்த கேள்விக்கு மறுமொழி தெரிந்திருக்க வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஒரு வகை வைரசு. அது தாம்பத்திய உறவினால் தொற்றுகிறது. தொற்றியவர்களில் அதிகமானோருக்குத் தானாகவே மறைந்து விடும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் உடம்பில் தங்கும். தங்கி, புற்றுநோயாக மாற 10, 15 வருடங்கள் கூட எடுக்கும். எனவே கணவரை இழந்து பல வருடமானாலும் இந்தப் பரிசோதனை தேவை. இதில் நடத்தையைப் பற்றிய பேச்சுக்கு இடமே இல்லை. ஒரேயொருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரலாம்.

மாற்றம் மெதுவாக வளர்வதுதான் எமக்குள்ள வாய்ப்பு. அதனால்தான் 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் எமது நாட்டில் நடந்து வருகிறது. சேவை இலவசம்.

அங்கே என்ன செய்வார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. வெட்டுவதோ தைப்பதோ இல்லை. மறைப்புக்குள் படுக்க வைத்து, கருப்பைக் கழுத்திலிருந்து சிறிதளவு மாதிரி எடுத்து ஆய்வுகூடத்திற்கு அனுப்புவார்கள். சில நிமிட வேலை. கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பெரிய நோவு இருக்காது. மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போங்கள். குருதி அமுக்கம், சீனி, மார்பகம் ஆகியவற்றையும் அங்கேயே பார்ப்பார்கள்.

காத்திருக்கக் கூடாதவை

கிளினிக் நாள் வரும் வரை பொறுத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. மாதவிடாய்க்கு இடையில் அல்லது உறவின் பின்னர் இரத்தம் படுதல், மாதவிடாய் முற்றாக நின்ற பிறகு மீண்டும் இரத்தம் காணுதல், துர்நாற்றமுள்ள வெள்ளைபடுதல், மார்பகத்தில் கட்டி அல்லது தோல் சுருக்கம், முலைக்காம்பிலிருந்து இரத்தக் கசிவு, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். பனடோல் போட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

உங்கள் மகள் தரம் 6 இல் படிக்கிறாளா? 2017 முதல் அந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. சம்மதக் கடிதம் வந்தால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். தடுப்பூசி போட்ட பிள்ளையும் வளர்ந்த பிறகு பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சேர்ந்து போவோம்

ஒரு நாள் கூலி போய் விடும், ஆட்டை யார் பார்ப்பது, பஸ் இல்லை என்ற கஷ்டங்கள் பொய்யல்ல. அந்த அக்கா சுகமாகி வந்த பிறகு அவரே மாதர் சங்கத்தில் ஒரு வழி சொன்னார். ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஓட்டோ பிடிப்பது. போகிறவர்களின் பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் போகாதவர்கள் பார்ப்பது. அடுத்த முறை மாறிப் போவது. "எங்கை போறியள்?" என்று ஊர் கேட்டால் ஐந்து பேரும் ஒரே குரலில் "கிளினிக்குக்கு" என்று சொல்வது. ஒருத்தி தனியே போனால் கதை கட்டும் ஊர், ஐந்து பேர் சேர்ந்து போனால் பேசாமல் இருக்கும்.

சகோதரிகளே, இடம்பெயர்ந்த நாட்களில் பிள்ளைகளைக் காப்பாற்றினோம். திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கி, வீட்டைக் கட்டினோம். எல்லாவற்றையும் தாங்கிய இந்த உடம்பை மட்டும் கடைசிக்குத் தள்ளி விட்டோம். நாங்கள் விழுந்தால் அந்த வீட்டில் அடுத்துத் தூக்க ஆளில்லை என்பது எமக்குத்தான் தெரியும்.

இன்றே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நாளைக் கேளுங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில், கோயில் பொங்கலைக் குறித்த அதே பேனையால் அந்த நாளையும் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக் கொண்டு போங்கள்.