அயல்மொழிப் படமும் ஏலமலைத் தமிழரும்

உடும்பஞ்சோலை ஏலத் தோட்டங்களில் உழைக்கும் தமிழருக்கு உலகப் படவிழாவால் ஆவதென்ன என்று சிலர் வினவுவர். ஒரு படத்தைக் கொண்டே அதற்கு விடை காண்போம்.

கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழா 1996ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் நிகழும் அவ்விழா, கொரோனாத் தொற்றின் காரணமாக 2021இல் நான்கு நகரங்களில் நடத்தப்பட்டது. தமிழர் மிகுதியாக வாழும் பாலக்காடும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு முதற்பரிசாகிய சுவர்ண சகோரத்தைப் பெற்றது, ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டுக் கதைப்படம். 'இது அடக்கம் அன்று, உயிர்த்தெழுதல்' என்பது அதன் பெயரின் பொருள். இயக்கியவர் லெமோஹாங் ஜெரெமையா மொசேசே.

கதை எளியது. சுரங்க வேலைக்குச் சென்ற மகனின் வரவை எதிர்நோக்கியிருக்கிறாள் எண்பது வயதுக் கைம்பெண். வந்ததோ அவன் இறந்த செய்தி. இனித் தன் சுற்றத்தார் அடங்கிய மண்ணிலேயே தானும் அடங்க வேண்டுமென்பதே அவள் விருப்பம். அணை ஒன்றிற்காக அவ்வூரே நீரில் மூழ்கப்போகிறது என்றறிந்ததும், எதிர்த்து நிற்கிறாள்.

இக்கதை நமக்கு அயலானதா? 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி அணையின் நீர்ப்பரப்பும் மக்கள் வாழ்ந்த நிலங்களை விழுங்கியதே. போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறிப் பிழைக்க வந்த குடும்பங்களில், பெற்றோரை மலையில் அடக்குவதா, சொந்த ஊருக்குக் கொண்டுசெல்வதா என்ற கேள்வி எழுவதில்லையா?

மொழி புரியாதே என்று தயங்க வேண்டுவதில்லை. திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்க இயலாதவரும், அம்மூதாட்டியின் முகத்தைப் படிக்கலாம். வாய்ப்பு நேருங்கால் குடும்பத்தோடு கண்டு, கண்டதைப் பற்றி வீட்டில் பேசுவோமாக.