பி.ஆர்.ஓ.வுக்கு என்ன வேலை?

பி.ஆர்.ஓ. என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சினிமா விழாதான். வாசலில் நின்று நிருபர்களை வரவேற்று, உட்காரவைத்து, படங்களும் குறிப்பும் அடங்கிய கவரை நீட்டி, ஹீரோவின் கார் எங்கே வருகிறது என்று போனில் விசாரித்துக்கொண்டே ஓடுகிற மனிதர். தமிழ் சினிமாவில் இப்படி ஒரு பொறுப்பு 1958-இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தோடு தொடங்கியது என்பார்கள். அந்த முதல் பி.ஆர்.ஓ., பிலிம் நியூஸ் ஆனந்தன். படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்த்ததில் ஆரம்பித்தது அவர் வேலை. ஆனால் அவர் பெயர் நிலைத்தது வேறொரு காரணத்தால். எந்தப் படம் எந்தத் தேதியில் வெளியானது, யார் இயக்கினார், யார் இசையமைத்தார் என்று பல்லாயிரம் விவரங்களைச் சேர்த்துவைத்திருந்தார். பின்னாளில் தமிழக அரசே அந்தச் சேகரிப்பை வாங்கிக்கொண்டது. ‘அவரிடம் கேட்டால் சரியாக இருக்கும்’ என்று நிருபர்கள் நினைத்தார்கள் பாருங்கள், ஒரு பி.ஆர்.ஓ.வின் முழு முதலீடும் அதுதான்.

நல்ல சேதியைச் சொல்ல இந்த முதலீடு பெரிதாகத் தேவைப்படாது. கெட்ட சேதி வரும்போதுதான் அதைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

1906 அக்டோபர் 28. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே, பென்சில்வேனியா ரயில்வே கம்பெனியின் மின்சார ரயில் ஒன்று பாலத்தில் தடம்புரண்டு தண்ணீரில் விழுந்தது. 53 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளுக்கு விபத்து என்றால் ஒரே வழக்கம்: நிருபர்களை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வது. அந்தக் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, அதற்கு முன் நியூயார்க்கில் நிருபராக வேலை பார்த்தவர். கதவை மூடினால் வெளியே என்ன எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். நடந்ததைக் கம்பெனியே எழுதிக் கொடுக்கட்டும் என்றார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துப்போகவும் ஏற்பாடு செய்தார். உலகின் முதல் செய்திக்குறிப்பு என்று இன்றைக்கும் பலர் காட்டுவது அந்தத் தாளைத்தான். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது.

இதே லீயின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1914-இல் கொலராடோ மாநிலத்தின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். சுரங்கத்தில் பெரும்பங்கு வைத்திருந்த ராக்ஃபெல்லர் குடும்பம் லீயைக் கூப்பிட்டது. அவர் வெளியிட்ட துண்டறிக்கைகளில் தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளம் பல மடங்கு கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது. கம்பெனி ஆட்கள் கொடுத்த கணக்கை அப்படியே போட்டேன் என்றார், விசாரணையில். எழுத்தாளர் அப்டன் சிங்ளேர் அவருக்கு ‘விஷ ஐவி’ என்று பட்டம் சூட்டினார். சாகும்வரை அது போகவில்லை. முதல் செய்திக்குறிப்பை எழுதியவரே உள்ளேயிருந்து வந்த தகவலைச் சரிபார்க்காமல் விட்டதால் கெட்டார்.

சரிபார்ப்பது என்றால் நடைமுறையில் என்ன? ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகத்திடமிருந்து வரும் முதல் வரைவு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: “எங்கள் ஆலையில் எதிர்பாராத விதமாக நிகழ்ந்த சிறு சம்பவம் உடனடியாகக் கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. தொழிலாளர் நலனே எங்கள் உயிர்மூச்சு.” இதைப் படிக்கும் துணை ஆசிரியர் முதலில் கேட்பது ‘எத்தனை பேருக்கு என்ன ஆச்சு?’ என்பதுதான். பதில் குறிப்பில் இல்லை. உடனே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் நிருபரிடம் கேட்பார். அங்கே கிடைப்பது வதந்தியாகவும் இருக்கலாம்.

வேலை தெரிந்த பி.ஆர்.ஓ. அந்த வரைவைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஷிப்ட் சூப்பர்வைசரைத் தேடிப் போவார். திரும்பி வந்து எழுதுவது: “இன்று காலை 6.40 மணிக்குக் குளிரூட்டும் பிரிவின் குழாயில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறல் ஏற்பட்ட 9 பேர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளனர். 7.15-க்கு வால்வு மூடப்பட்டது. கசிவுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. மாலை 4 மணிக்கு அடுத்த தகவல் தரப்படும்.” அலங்காரம் எதுவும் இல்லை. கடைசி இரண்டு வாக்கியங்களுக்குத்தான் உள்ளே பெரிய சண்டை நடக்கும். ‘தெரியவில்லை என்று நாமே ஏன் சொல்ல வேண்டும்?’ என்பார் வக்கீல். சொல்லாவிட்டால் ஊரே ஒரு காரணம் சொல்லும் என்று பி.ஆர்.ஓ. வாதாட வேண்டும். நாலு மணி என்று எழுதிவிட்டால், புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் நாலு மணிக்கு வந்து நிற்கவும் வேண்டும்.

இந்தத் துறையில் எல்லோரும் படிக்கும் பாடம் 1982-இல் சிகாகோவில் நடந்தது. டைலனால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்துவைக்க, 7 பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி சுமார் 3.1 கோடி பாட்டில்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலரைத் தாண்டியது. சில வாரங்களில், யாராவது திறந்தால் தெரிந்துவிடும்படியான மூன்றடுக்கு சீலோடு மாத்திரை மறுபடி விற்பனைக்கு வந்தது. அந்தப் பெரிய முடிவை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். உங்கள் ஆலையில் சயனைடு உண்டா என்று நிருபர்கள் கேட்டபோது கம்பெனி முதலில் ‘இல்லை’ என்றது. பிறகுதான், தரப் பரிசோதனைக்காகக் கொஞ்சம் வைத்திருப்பது அதன் மக்கள் தொடர்புப் பிரிவுக்கே தெரியவந்தது. சொன்னதைத் திருத்திக்கொண்டார்கள். உற்பத்தியில் அது சேர்வதில்லை என்ற விளக்கம் எடுபட்டதற்கு அந்தத் திருத்தமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே இந்த வேலைக்கு வாய்ச்சாலகம் வேண்டும் என்பது பாதி கட்டுக்கதை. முதலில் வேண்டியது கேள்வி கேட்கத் தெரிவது, அதுவும் சொந்த அலுவலகத்துக்குள். இன்ஜினியர் சொல்வதைப் பத்தாம் வகுப்புப் படித்தவருக்கும் புரிகிற தமிழில் எழுதத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி வாங்கி மொழிபெயர்த்து அனுப்பும் குறிப்புகளை டெஸ்க்கில் இருப்பவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எந்தப் பதிப்பு எத்தனை மணிக்கு முடியும், டிவிக்கு எது வேண்டும், நாளிதழுக்கு எது வேண்டும் என்பது விரல்நுனியில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர்களைக் கவனித்தால் இது புரியும். காலையில் ஆட்சியரின் ஆய்வுக்குப் புகைப்படக்காரரோடு போக வேண்டும், மதியத்துக்குள் குறிப்பும் படமும் நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் ‘நாளைக்கு ஸ்கூல் லீவா சார்?’ என்ற கேள்வி ராத்திரி முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

இதழியலும் விஸ்காமும் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிற இளைஞர்கள் நிறைய. எழுத்தும் கேமராவும் கல்லூரியிலேயே பழகிவிடும். மேலதிகாரியிடம் ‘இதை மறைக்க முடியாது சார்’ என்று சொல்லும் துணிச்சல் அனுபவத்தில்தான் வரும். அப்படிச் சொல்ல இடம் கொடுக்கும் நிறுவனமாகவும் இருக்க வேண்டும். இண்டர்வியூவில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது: அவசரம் என்றால் ராத்திரி பதினொரு மணிக்கு எம்.டி.க்கு நேராக போன் போடலாமா, இல்லை மூன்று பேர் வழியாகத்தான் போக வேண்டுமா?