நூற்றொரு ரூபாயில் இரண்டு கையெழுத்து

நம் ஊர்த் திருமணங்களில் மொய் வைப்போர் நூறு ரூபாயோடு நிறுத்துவதில்லை. நூற்றொன்று என்றே எழுதுவர். அந்த நூறும் அந்த ஒன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். பொருளியல் மாணவனாகிய எனக்கும் உண்மை தெரிந்தபோது வியப்பாகத்தான் இருந்தது. நூறு ரூபாய்த் தாளை வெளியிடுவது ரிசர்வ் வங்கி. ஒரு ரூபாயை வெளியிடுவது மத்திய அரசு!

நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கியின் ஆளுநர் உறுதி கூறிக் கையொப்பமிட்டிருப்பார். கையில் இருப்பதே நூறு ரூபாய் என்றால், அவர் தருவதாகச் சொல்லும் நூறு ரூபாய் எது? 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் இதற்கு விடை உண்டு. தாளைக் கொடுத்துக் கேட்பவருக்கு வங்கி ரூபாய் நாணயம் தர வேண்டும் என்கிறது அது. ஆகவே தாள் என்பது ஒரு வாக்குறுதி. நாணயமே அவ்வாக்கை நிறைவேற்றும் பொருள்.

ஒரு ரூபாய்த் தாளிலோ இவ்வுறுதிமொழி கிடையாது. அதில் கையொப்பமிடுபவர் மத்திய அரசின் நிதித்துறைச் செயலாளர். சட்டத்தின் கண்ணுக்கு அது காகிதமாயினும் நாணயமே! 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது.

இவ்விந்தைக்குக் காரணம் போர். அந்நாளைய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வரவே, 1917 நவம்பர் 30-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு ஒரு ரூபாய்த் தாள் பிறந்தது. 1926-இல் நின்றது. இரண்டாம் உலகப் போர் 1940-இல் அதை மீண்டும் அழைத்து வந்தது. அப்போதுதான் ரூபாய் நாணயத்துக்குச் சமமான தகுதி அதற்குக் கிடைத்தது. 1994-இல் மறுபடி நின்று, 2015-இல் திரும்பவும் வந்தது.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என எண்ணிவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன், பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி நம் மாவட்டத்திலும் பரவியது. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் பூ விற்ற பாட்டி ஒருவர், நாள் முழுதும் சேர்த்த நாணயங்களைக் கடைக்காரர் வாங்க மறுத்ததால் கலங்கி நின்றதை நான் கண்டேன். பல வடிவங்களில் இருந்ததால் போலி என்றனர் மக்கள். பதினான்கு வடிவங்களில் நாணயம் வெளிவந்துள்ளது, அத்தனையும் செல்லும் என 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. நாணயம் நெடுங்காலம் உழைப்பது. ஆகவே பழைய வடிவமும் புதிய வடிவமும் சேர்ந்தே புழங்கும்.

பத்து ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு நாணயத்தை மறுப்பது எத்தகையது? வாக்குறுதியை ஏற்று, கொடுக்க வந்த பொருளைத் தள்ளுவது போன்றதல்லவா! சட்டத்தில் ஓர் எல்லையும் உண்டு. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்களாக ஆயிரம் ரூபாய் வரையிலும், ஐம்பது காசுகளாகப் பத்து ரூபாய் வரையிலும் கொடுத்தால் செல்லும். அதற்கு மேல் வாங்கிக்கொள்ளும்படி யாரையும் சட்டப்படி வற்புறுத்த முடியாது.

தமிழில் நாணயம் என்றால் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள். அரசின் முத்திரை காசுக்கு மதிப்பைத் தரலாம். ஒருவர் நீட்ட மற்றவர் நம்பி வாங்கும்போதுதான் அது பணமாகிறது. படித்த நாம் இவ்வுண்மையைக் கடைத்தெருவில் நாலு பேருக்கு எடுத்துச் சொன்னால், பூக்காரப் பாட்டியின் ஒரு நாள் உழைப்பு வீணாகாது.